முழுகாமல் இருந்த மாதங்கள்

கேதார கௌரி விரதம் ஐப்பசி அமாவாசையோடு முடியும். அடுத்த நாளே கந்தசஷ்டி தொடங்கும். நடுவில் ஒரு மூச்சு விடப் பஞ்சாங்கம் இடம் வைக்கவில்லை. முதல் விரதத்துக்கு மூன்று கிழமை ஒரு நேரச் சோறு. பிறகு ஆறு நாள், மாலையில் ஒரு பேணி பாலும் ஒரு வாழைப்பழமும். பிள்ளை வேண்டும் என்பவள் இரண்டையும் பிடிப்பாள். நான் பிடித்தேன். அது போதாதென்று வெள்ளி, செவ்வாய், கார்த்திகைச் சோமவாரம், மார்கழித் திருவெம்பா, மாதத்துச் சஷ்டி. வயிறு நிறையச் சாப்பிட்ட நாட்கள் என்று தேடினால் ஒரு மாதத்தில் கொஞ்சம்தான் அகப்படும். அப்போது நான் தேடவில்லை. பசி எனக்குள் தோய்த்து விரித்த வெள்ளைத் துணி போலக் கிடந்தது. அதில் ஒரு பிள்ளை வந்து படுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்தது சண்டிலிப்பாயில், எனக்குச் சீதனமாக வந்த வளவில். என் அம்மா கலியாணத்துக்கு அடுத்த வருஷமே போய்விட்டார். வீட்டில் என் கணவரும் நானும்தான். கலியாணம் முடிந்து ஏழு வருஷமாகியும் அவரும் நானும்தான்.

அவருக்குப் புகையிலைத் தோட்டம். இருட்டோடு போய்த் துலாப் பட்டையால் தண்ணீர் இறைத்துவிட்டு வெயில் ஏற வருவார். அவர் சாப்பிட்டு எழும்ப, நான் உட்காருவேன். எங்கள் பக்கத்தில் பெண் பிறகுதான் சாப்பிடுவாள். அதை ஒருவரும் சட்டமாகச் சொல்லித் தருவதில்லை. நடக்கப் பழகுவது போல அது தானாகப் பழகிவிடும். சட்டியில் கிடப்பது கறியா, கறி கிடந்த சட்டியா என்று பார்க்காமலே சோற்றைப் பிரட்டிச் சாப்பிடவும் பழகிவிடும்.

மாமி, அவருடைய தாய், கொடிகாமத்தில் தன் மகளோடு, அதாவது என் மச்சாளோடு, இருந்தார். வரும்போதெல்லாம் மகனுக்கென்று ஏதாவது கட்டிக்கொண்டு வருவார். நாட்டுக்கோழி முட்டை, உழுத்தம்மா, வறுப்பதற்கு முருங்கைப்பூ. ஆம்பிளைக்கு உரம் வேணும் என்பார். உரம் அவருக்கு, விரதம் எனக்கு. பிள்ளைக்கான வேலையை வீடு அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தது. அவர் அந்த உரத்தின் மேல் விடிந்ததிலிருந்து சுருட்டுப் புகையை ஊதினார். பொழுது பட்டால் தவறணைக்குப் போய்ச் சாராயத்தை ஊற்றினார். அதையெல்லாம் பிள்ளையோடு சேர்த்து ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு நான் ஒருத்தி இருந்தேன் அல்லவா, பிறகு ஏன் அவரை யோசிக்க வேண்டும்.

பர்மா அரிசி வராமல் நின்றுபோன காலம் அது. அதற்கு முன்பு நாங்கள் மில் அரிசிக்குப் பழகியிருந்தோம். வெள்ளை வெளேரென்று, பல்லுப் படாமல் இறங்குகிற சோறு. அது கௌரவமான சோறு. உலக யுத்தம் வந்து கூப்பன் அரிசி என்று அளந்து கொடுக்கத் தொடங்கியபோது, குரக்கனும் சாமையும் பனங்கிழங்கு ஒடியலும் திரும்பி வந்தன. ஊர் முழுக்க அதைச் சொல்லி மூக்கால் அழுதது. நான் அழவில்லை. சாப்பிடாதவளுக்கு எந்த அரிசி நின்றால் என்ன.

அந்த வருஷம் கார்த்திகையில் மாமி வந்தார். வந்தவர் முட்டைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைக் குசினி வாசலில் இருத்தினார்.

"பிள்ளை, உன்ரை மச்சாள் முழுகாமல் இருக்கிறாள்."

முழுகாமல் இருப்பது என்றால் எங்கள் ஊரில் கர்ப்பம். மாதத்தீட்டு வந்தால் பெண் வீட்டுக்குத் தூரமாகி, மூன்று நாள் ஒதுங்கி இருந்து, நாலாம் நாள் தலை முழுகி உள்ளே வருவாள். அந்த முழுக்கு நின்றால் வயிற்றில் பிள்ளை. வேறு காரணம் இருக்கலாம் என்று எங்கள் பேச்சில் இடமே இல்லை.

"ஓம் மாமி, கேள்விப்பட்டனான்."

"அவளுக்கு நாலு கிடக்கு. இது அஞ்சாவது. அவளுக்கென்னத்துக்கு அஞ்சு? பிறந்து முப்பத்தொண்டு கழிய நீங்கள் ரெண்டு பேரும் வந்து மஞ்சள் தண்ணி குடியுங்கோ. பிள்ளை உங்கடை."

தத்தெடுக்க எழுத்து, நொத்தாரிசு எல்லாம் வந்து எத்தனையோ காலமாகியும் மாமிக்குப் பழைய வழிதான் வழி. சொந்தக்காரர் பார்த்திருக்க, எடுக்கிறவர்கள் மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குடித்தால் பிள்ளை அவர்களுடையது. பிறகு பெற்றவள் கேட்க முடியாது.

"மச்சாள் என்ன சொல்லுறா?"

"அவள் என்னத்தைச் சொல்லுறது. நான் சொல்லிப்போட்டன்."

அன்று பின்னேரம் அவரிடம் சொன்னேன். அம்மா சொன்னால் சொன்னதுதானே என்று சுருட்டைப் பற்றவைத்தார். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும் போலவும் இருந்தது, வேண்டாம் போலவும் இருந்தது. நெல்லுக் குத்தும்போது வேண்டும் என்று ஒரு குத்து, வேண்டாம் என்று ஒரு குத்து. உலக்கை இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் போட்டது.

தைப்பொங்கலுக்கு மச்சாள் வந்தார். சுன்னாகம் ஸ்டேஷனில் இறங்கி வண்டி பிடித்து, மடியில் ஒரு சாக்கோடு. அவருக்குத் தமக்கை, எனக்கு மூத்த மச்சாள். வயிறு மெல்லத் தெரியத் தொடங்கியிருந்தது. படலையில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உமக்கென்ன நடந்தது? கழுத்தெலும்பிலை கடகத்தைக் கொழுவலாம் போல கிடக்கு."

"விரதம் மச்சாள்."

"விரதமெண்டால் சுவாமி உம்மளையே சாப்பிடுறார்?"

சாக்கை அவிழ்த்தார். மொட்டைக்கறுப்பன் நெல்லு, பலாக்கொட்டை, ஒரு சுரக்காய். குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சும்மா கேட்பது போல, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"கடைசியா எப்ப முழுகினனீர்?"

"ஐப்பசியிலை."

சட்டி மூடி கையிலேயே நின்றது.

"கார்த்திகை இல்லையோ? மார்கழியும் இல்லையோ?"

"இல்லை. போன வருஷமும் ரெண்டு மாசம் நிண்டுதான் வந்தது மச்சாள். இதுவும் அப்பிடித்தான் இருக்கும்."

"போன வருஷத்தை விடும். இந்த முறை நிண்டிட்டுது."

அவர் அதைச் சொன்ன மாதிரி எனக்கு விளங்கவில்லை. நல்ல செய்தி சொல்கிறவர்களுடைய குரல் அல்ல அது. தண்ணீருக்குள் விழுந்த ஒருத்தி கயிற்றைப் பிடிக்கிற குரல். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் வேலிக்கரைக்குப் போய்விட்டார். பக்கத்து வளவுக்காரிதான் நான் தூரமான நாட்களில் எனக்குச் சோறு தருகிறவள். என் மாதக் கணக்கு என்னைவிட அவளுக்குத் தெரியும்.

"என்னணை, உவளுக்கு நீ சோறு குடுத்து எவ்வளவு காலம்?"

"அதுதானே நானும் பாத்தனான். தீபாவளிக்குப் பிறகு குடுக்கேல்லை. கேட்டால் கண்ணூறு பட்டிடுமெண்டு பேசாமல் இருந்தனான்."

அவ்வளவுதான். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு, நான் முழுகாமல் இருந்தேன். சைக்கிளில் போன ஒருவரிடம் சொல்லி, கொடிகாமத்தில் மாமிக்கும் செய்தி போயிற்று. மாமி மஞ்சள் தண்ணீர்க் கதையை நிறுத்திவிட்டார். தன் மகனுக்குத் தன் பிள்ளை வருமானால் பேத்தியோ பேரனோ இடம் மாற வேண்டியதில்லை.

முழுகாமல் இருக்கிறவள் விரதம் பிடிக்கக் கூடாது. பிடித்தால் வயிற்றில் இருப்பதைப் பட்டினி போட்ட பாவம். இதைச் சொல்லித்தான் மச்சாள் என் வெள்ளியையும் செவ்வாயையும் சஷ்டியையும் ஒரே நாளில் பிடுங்கி எறிந்தார். இரண்டு கிழமை எங்களோடு நின்றார். அந்த நெல்லைத் தீட்டாமல் குத்தி, தவிட்டுச் சிவப்போடு சோறாக்கினார். காலையில் குரக்கன் புட்டும் மீன் குழம்பும். மத்தியானம் முருங்கையிலை வறை, முட்டை, பருப்பு. பின்னேரம் பயற்றங்கஞ்சி. அன்னாசி கூடாது, எள்ளுக் கூடாது, கலைத்துவிடும். எனக்கு முதல் இரண்டு நாளும் வாந்தி. வற்றின வயிறு சாப்பாட்டைக் கண்டு மிரண்டது. அதையும் ஒழுங்கை மசக்கை என்று எழுதிக்கொண்டது.

எங்கள் ஊரில் பெண்ணுக்கு இரண்டு தரம்தான் பார்த்துச் சாப்பாடு கொடுப்பார்கள். பெரியபிள்ளையாகும்போது பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும். பிள்ளை பெற்றால் மிளகு சீரகம் அரைத்த காயமும் சுறா வறையும். இரண்டுக்கும் இடையில் இருக்கிறவளின் சோற்றுக் கோப்பையை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் அந்த இடைவெளியில் ஏழு வருஷம் குடியிருந்தேன். மச்சாள் வந்து அதன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றார். ஏன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது.

என்னோடு நிற்கவில்லை. அவரையும் பிடித்தார். தோட்டத்தால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவருக்கு முன்னால் ஒரு பேணியை நீட்டினார்.

"இந்தா, குடி."

"உதென்ன?"

"கருப்பணி. பனையிலை இருந்து இப்ப இறக்கினது. தவறணையிலை புளிச்சதைக் குடிக்கிறவனுக்கு இனிச்சது தெரியாமல் போச்சோ?"

"எனக்கேன் அக்கா உது? நான் என்ன முழுகாமலோ இருக்கிறன்?"

"ஏழு வருஷமா எல்லாரும் இவளையே பாக்கினம். உன்னை ஆர் பாத்தது? முட்டையைத் திண்டுபோட்டுச் சாராயத்தை ஊத்தினால் முட்டை மிதக்கும், வேறை என்ன."

அவர் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை.

"புகையிலைக்குப் பூவரசங்குழையைத் தாட்டுப் பசளை போடுறாய், மாட்டுப் பட்டி அடைக்கிறாய், ஒரு இலை பழுத்தால் குந்தி இருந்து பாக்கிறாய். உன்ரை பெண்டில் இலை இலையாப் பழுத்துப் போய் நிக்கிறாள், பாத்தனியோ? உன்ரை வாயைக் கண்ணாடியிலை பாத்தனியோ? புகைபோக்கி மாதிரிக் கிடக்கு."

அவர் கருப்பணியைக் குடித்தார். தமக்கைக்குத் திருப்பிச் சொல்லிப் பழக்கமில்லாதவர். சுருட்டு உடனே நிற்கவில்லை. காலையில் வெறுவயிற்றோடு பற்றவைப்பது மட்டும் நின்றது. தவறணைக்குப் போகிற நாள் குறைந்தது. பழக்கமில்லாத வேறொரு காரியமும் நடந்தது. மச்சாள் எனக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டார். பிறகு பிறகு என்று இவளை விட்டால் மறந்துபோவாள், முன்னுக்கு இருந்து திண்ணட்டும் என்றார். அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்தான் மீன் பொரியலை என் கோப்பைக்குத் தள்ளினார், யாரோ தள்ளச் சொன்னது போல, எங்கோ பார்த்துக்கொண்டு.

மச்சாள் போன பிறகும் சாப்பாடு நிற்கவில்லை. கொடிகாமச் சந்தைக்குப் போய்வருகிற வண்டிக்காரர்கள் கையில் முட்டை வந்தது, கருவாடு வந்தது, பலாக்கொட்டை வந்தது. தானும் மாதம் ஒருமுறை வந்துபோனார். மாசி முடியும்போது என் உடம்பில் ஏதேதோ நடந்தது. சீப்பில் மயிர் வருவது குறைந்தது. நகம் வளர்ந்தது. காலையில் கிணற்றடியில் நின்றால் குளிரவில்லை. அடைத்துக் கிடந்த வீட்டில் ஒவ்வொரு அறையாகத் திறந்து யாரோ கூட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பிள்ளை என்று நானே நம்பத் தொடங்கினேன். தனியே இருக்கும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டு கதைத்தேன். என்ன கதைத்தேன் என்று எழுத மாட்டேன்.

பங்குனியில் தீட்டு வந்தது.

வெகுகாலம் கழித்து, ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் அதிசயப்படவில்லை. பட்டினி கிடக்கிற உடம்பு தனக்கே காணாதென்று கண்டால், முதலில் கைவிடுவது அதைத்தான் என்றார். நீர் சாப்பிட்டதாலே திரும்பி வந்தது. வந்ததை நினைத்து நீர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்றார். ஆண்களுக்கும் சாராயமும் புகையும் சும்மா போகாது, ஆனால் தங்களைப் பார்க்கச் சொல்லி ஒருவரும் வருவதில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னது சரியாக இருக்கும். பங்குனியில் எனக்கு அது தெரியாது. பிள்ளை வரும் என்று பிடித்த விரதங்கள்தான் பிள்ளை வருகிற வழியில் குறுக்கே கிடந்தன என்று யார் சொல்லியிருந்தாலும் நான் காதைப் பொத்தியிருப்பேன். கிணற்றடியில் நின்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வயிற்றில் ஒருவரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்பதுதான்.

ஒதுங்கி இருக்க வேண்டும். இருந்தால் பக்கத்து வளவுக்காரி சோறு தர வேண்டும். பிறகு ஒழுங்கை. அந்த நேரம் பார்த்து மச்சாளின் வண்டி வந்து நின்றது. இறங்கவே கஷ்டப்பட்டார், ஏழு மாத வயிறு. கிணற்றடிக்கு வந்து என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"வந்திட்டுதோ?"

"ஓம்."

தோய்க்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தார். எனக்கு ஆறுதல் சொல்வார் என்று நின்றேன். அவர் தன் வயிற்றைத்தான் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார்.

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதையும்."

"எப்பிடி மச்சாள் சொல்லாமல் இருக்கிறது? நான் தூரம். இஞ்சை நிண்டு கதைக்கிறதே பிழை."

"உம்மடை வயித்திலை ஒண்டும் இல்லையெண்டு அம்மாவுக்குத் தெரிஞ்சால், என்ரை வயித்திலை இருக்கிறதைக் கேப்பா. குடுக்கமாட்டனெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கு ஒண்டுக்கும் அவவை எதிர்த்துக் கதைச்சுப் பழக்கமில்லை." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நாலு கிடக்கெண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். நாலு கிடந்தால் அஞ்சாவது நோகாதோ?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. பொங்கலுக்கு வந்தது. வேலிக்கரைக்கு ஓடியது. முட்டை, கருவாடு, பலாக்கொட்டை. எனக்கென்று அவர் ஊட்டியதெல்லாம் தன் பிள்ளைக்காக ஊட்டியது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏழு வருஷத்தில் என் வயிற்றில் உண்மையாகவே ஏதாவது இருக்க வேண்டும் என்று என்னளவு ஆசைப்பட்ட இன்னொருத்தி அவர்தான். எதற்காக என்பது இரண்டாவது.

"எவ்வளவு காலத்துக்கு ஒளிக்கலாம்?"

"பிறக்குமட்டும். பிறந்து என்ரை நெஞ்சிலை ஒரு மாசம் கிடந்திட்டால், பிறகு பாப்பம்." எழும்பிச் சேலையைத் தட்டினார். "நீர் இனி எள்ளும் சாப்பிடலாம். பெரியபிள்ளையானவளுக்குக் குடுக்கிற மாதிரி முட்டையும் நல்லெண்ணெயும் குடியும். விரதத்துக்கு மட்டும் திரும்பிப் போகாதையும். அது என்ரை பிள்ளைக்காகச் சொல்லேல்லை."

ஒளிப்பதென்றால் தூரமான உடம்போடு குசினிக்குள் போக வேண்டும். அடுப்பு மூட்ட வேண்டும். அவருக்குச் சோறு போட வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெண் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சுவாமி அறைக்கு மட்டும் போகாமல் மற்றதெல்லாம் செய்தேன். சோறு எப்போதும் போல வெந்தது. அவருக்குச் சொல்லாமல் போடக் கூடாது என்று, கோப்பையை வைக்குமுன் சொன்னேன். மச்சாள் சொன்னதையும் சொன்னேன். அவர் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினார்.

"இஞ்சேரும், நான் தோட்டக்காரன். குசினியிலை என்ன நடக்குதெண்டு எனக்கென்ன தெரியும்," என்றார். சாப்பிட்டார். கை கழுவும்போது, "அக்கா பாவம்," என்றார். அவ்வளவுதான் அவர் கதைத்தது. அதன் பிறகு தவறணைக்கு அவர் போனது எனக்கு ஞாபகமில்லை.

சித்திரை வருஷம் பிறந்த கையோடு மாமி என்னைப் பார்க்க வந்தார். நல்லகாலம், சாப்பிட்ட சாப்பாடு எனக்குக் கை கொடுத்தது. கன்னம் பிடித்திருந்தது, இடுப்பில் சதை வைத்திருந்தது. சேலையைத் தளர்த்திக் கட்டியிருந்தேன். மாமி தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"முகத்திலை தெளிவு வந்திருக்கு. பொம்பிளைப்பிள்ளைதான். ஆனால் வயிறு காணாது."

"எனக்குச் சின்ன வயிறு மாமி."

"எங்கடை ஆக்களுக்கு அப்பிடி இல்லை. இவன் கிடக்கேக்கை நான் படலையாலை நேரை வர ஏலாது."

அன்று ஒடியற் கூழ் காய்ச்சினேன். மீன், நண்டு, பலாக்கொட்டை, முருங்கையிலை, மரவள்ளி எல்லாம் போட்டு. கூழுக்கு முன்பின் கிடையாது. முற்றத்தில் பானையைச் சுற்றி எல்லோரும் குந்தியிருந்து பலாவிலையைக் கோலிக் குடிப்பதுதான் கூழ். மாமி மூக்கால் தண்ணீர் வழியக் குடித்தார். மாமிக்கும் எனக்கும் நடுவில் அவர் மகன் இருந்து, தாய் என் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய பலாவிலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வைகாசியில் மச்சாளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

ஆனியில் பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. தாய்மாமன் போகாமல் விட முடியாது. நான் போகாமல் விடலாம் என்று மச்சாள் ஆள் விட்டிருந்தார், சுகமில்லை என்று சொல்லச் சொல்லி. ஆனால் போகாவிட்டால் மாமி வருவார். அதைவிட, எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் என்ன ஆகும் என்ற பயத்தோடேயே ரெயில் ஏறினேன். மாமியின் கணக்கில் எனக்கு அப்போது எட்டு மாதம். எந்தச் சேலையும் அதை எனக்குக் கட்டித் தராது.

போய் இறங்கியதும் மாமி கால் கழுவத் தண்ணீர் தந்தார். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கட்டிலில் மச்சாள் இருந்தார், மடியில் பிள்ளை. என்னோடு வந்த அவர் கதவு நிலையோடு சாய்ந்து நின்றார்.

"எத்தினை மாசம் உனக்கு?"

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"ஒண்டும் இல்லை மாமி. பங்குனியிலை வந்திட்டுது."

"கலைஞ்சதோ?"

"கலையிறதுக்கும் ஒண்டும் இருக்கேல்லை."

மாமி மகளிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"உனக்கு?" என்றார் மகனிடம். அவர் ஓமென்று தலையை ஆட்டினார்.

"அப்ப எல்லாருமாச் சேந்துதான் எனக்குக் கூழ் பருக்கினியள்."

மாமி மச்சாளின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினார். மச்சாள் தடுக்கவில்லை. அவர் சொன்னது சரி, அவருக்கு வாய் வரவில்லை. கை மட்டும் பிள்ளை கிடந்த வடிவத்திலேயே வளைந்தபடி நின்றது. மாமி பிள்ளையை என் கையில் வைத்தார்.

"சரி. நடந்தது நடந்திட்டுது. சொந்தமெல்லாம் வெளியிலை இருக்கு. மஞ்சள் கரைக்கச் சொல்லுறன்."

நான் அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றேன். பால் மணம். வேர்வைச் சூடு. பிடரியில் சுருண்ட மயிர். அது வாயைத் திறந்து என் சட்டைப் பக்கம் திரும்பித் தேடியது. என் உடம்பு முழுக்க அந்த வாயை நோக்கி ஓடியது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் என்னைப் பிழை சொல்ல மாட்டார்கள். மச்சாள்கூடச் சொல்ல மாட்டார். நான் நின்ற நேரம் கொஞ்சம்தான் இருக்கும். எனக்கு அது ஒரு பெரிய வெளி போல, நடக்க நடக்கப் போய்க்கொண்டிருந்தது.

பிள்ளை அழத் தொடங்கியது. மச்சாளின் சேலையில் பால் ஊறி நனைந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"வேண்டாம் மாமி," என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"பிள்ளை தாயோடை இருக்கட்டும்."

"அப்ப நீ? இன்னும் விரதம் பிடிக்கப் போறியோ?"

"இல்லை. சாப்பிடப் போறன்."

"சாப்பிட்டால் பிள்ளை வருமோ?"

"தெரியாது. வராட்டிலும் சாப்பிடுவன்."

மாமி மகனைப் பார்த்தார். "என்னடா, உன்ரை பெண்டில் கதைக்கிறது கேக்குதோ?"

"கேக்குது அம்மா. நானும் மஞ்சள் தண்ணி குடிக்கமாட்டன்."

"நீ ஏன் குடிக்கிறாய், சாராயம் இருக்கேக்கை."

"அது விட்டிட்டன்."

மாமி அதை நம்பினாரோ தெரியாது. கிட்டப் போய் அவருடைய வாயை மணந்து பார்த்தார். பிறகு கதவைத் திறந்து வெளியே போய், யார் யார் இன்னும் சாப்பிடவில்லை என்று சத்தமாக விசாரித்தார். நான் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தேன். மச்சாள் பிள்ளையை நெஞ்சில் போட்டார், அது இழுக்கத் தொடங்கியது, அவர் கண்ணை மூடினார்.

திரும்பி வரும் ரெயிலில் நான் முழுகாமல் இருந்தேனா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த பங்குனியில் எனக்குப் பெண்பிள்ளை பிறந்தது. சாப்பாடுதான் தந்தது என்று எழுத எனக்குத் துணிவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே நல்லாய்ச் சாப்பிட்டு, நல்லாய் இருந்து, பிள்ளை இல்லாமலே போன பெண் ஒருத்தி உண்டு. விரதம் பிடித்துக்கொண்டே பெற்றவர்களும் உண்டு. என் உடம்பில் நடந்ததை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

சண்டிலிப்பாயில் யாருக்கும் உண்மை தெரியாது. தைப்பொங்கலிலிருந்து முழுகாமல் இருந்தவள் அடுத்த வருஷம் பங்குனியில் பெற்றாள் என்பதுதான் ஒழுங்கையின் கணக்கு. பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வளவுக்காரி விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, யானைகூட உவ்வளவு காலம் சுமக்குமோ என்றாள். யானைக்கு விரதம் இல்லைத்தானே என்றார் அவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.

மச்சாளின் மகள் பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவாள். என் மகளும் அவளும் ஒரு கோப்பையில் புட்டுத் தின்று சண்டை பிடிப்பார்கள். அவள் என்னை மாமி என்று கூப்பிடுவாள். அதுதான் முறை.